ஆர்ஓ பிளான்ட் நின்னுபோனதுக்கு ஊர்க்காரங்களைக் குத்தம் சொல்லாதீங்க

உங்க டிரஸ்ட் வெச்ச, குடிதண்ணி சுத்திகரிக்குற ஆர்ஓ பிளான்ட் எட்டே மாசத்துல பூட்டிக்கிடக்கு, ஊர்க்காரங்களுக்கு அக்கறை இல்லன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அப்படித் தோணலைங்க. டோனர், அதான் நன்கொடை குடுத்தவர், மெஷினுக்குப் பணம் குடுத்தாரு, ஆனா கரன்ட் பில், ஃபில்டர், உப்பை வடிகட்டுற மெம்பரேன், ஆபரேட்டர் சம்பளம் இதெல்லாம் யார் பொறுப்புன்னு யாருமே பேசல, பாதி ப்ராஜெக்ட் படுக்குறது அங்கதான். ஆப்பிரிக்காவுல பசங்க ராட்டினம் சுத்துனா தண்ணி ஏறும்னு பிளேபம்ப் வெச்சாங்க, 2010-க்குள்ள 4,000 வைக்கணும்னு 2006-ல அறிவிச்சாங்க, கடைசியில பல ஊர்ல ரிப்பேர் பண்ண ஆளில்ல, பசங்க இல்லாத நேரம் பெண்களே கையால சுத்துனாங்க, திட்டம் பாதியிலயே நின்னுபோச்சு. முதல்ல ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, கிராம சபையில தீர்மானம் போடவைங்க, சாவியை மகளிர் குழுகிட்ட குடுங்க, குடத்துக்கு எவ்வளவுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். அடுத்த ப்ரொபோசல்ல மூணு வருஷப் பராமரிப்புச் செலவை கண்டிப்பா சேருங்க, டோனர் முறைச்சாலும் பரவால்ல.