இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின அமெரிக்கப் பெண்களை வைத்து இளையோர் நாவல் எழுத எந்தக் களம் பொருத்தம்?

6888ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியனை எடுத்துக்கொள்ளுங்கள். 855 பெண்கள், ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். தலைமை ஏற்றவர் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். அப்போது அவருக்கு வயது 26.

போர் நாவல் என்றாலே கதாநாயகியைக் குண்டு விழும் இடத்துக்கு இழுத்துச் செல்லத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தப் பெண்களின் போர்க்களம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த ஒரு பள்ளிக் கட்டடம். 1945 பிப்ரவரியில் அவர்கள் வந்தபோது, ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு வந்த தபால்கள் மாதக்கணக்கில் தேங்கி, கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்திருந்தன. வெளிச்சம் வெளியே கசியாதபடி ஜன்னல்களை இருட்டடித்திருந்தார்கள். குளிர் தாங்காமல் பெண்கள் கோட்டைக் கழற்றாமலே வேலை செய்தார்கள். வீட்டிலிருந்து வந்த கேக் பொட்டலங்களை எலிகள் குடைந்திருந்தன.

வேலையின் நுணுக்கத்தில்தான் நாவலே இருக்கிறது. படையினர் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துவைக்க, ஆளுக்கொரு அட்டை என்று சுமார் 70 லட்சம் அட்டைகள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர்! யாருடைய கடிதம் என்பதை ராணுவ எண்ணை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஜூனியர், அமெரிக்க ராணுவம்’ என்று மட்டும் எழுதிய உறைகளும் வந்தன. இறந்தவர்களின் கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்பியாக வேண்டும். அதைச் செய்யும் இளம்பெண்ணின் கைகளைக் காட்டினாலே போதும், குண்டுச் சத்தம் தேவையில்லை. மூன்று ஷிப்டுகளில் இரவு பகலாக உழைத்து, ஆறு மாதம் ஆகும் என்று மேலிடம் கணக்கிட்ட வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

வயதில் கவனம் வேண்டும். பெண்கள் படைப்பிரிவில் சேர 20 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, கதாநாயகியை 16 வயதுப் பெண்ணாக்கினால் அவள் பொய் சொல்லிச் சேர்ந்ததாகத்தான் எழுத முடியும். நானாக இருந்தால் அக்கா பர்மிங்காமில், 15 வயதுத் தங்கை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் என்று வைத்து, தங்கையின் கடிதமே அந்தக் குவியலில் சிக்கிக்கொள்வதாக எழுதுவேன்.

இனப் பாகுபாட்டை வசைச் சொற்களால் மட்டும் காட்டாதீர்கள். பயிற்சி முகாமில் சாப்பாட்டு மேசை தனி. லண்டனில் அவர்களுக்கென்று தனி விடுதி ஒதுக்கியபோது, தன் பெண்கள் அங்கே தங்கக் கூடாது என்று ஆடம்ஸ் மறுத்தார். ஒரு ஜெனரல், “பட்டாலியனை எப்படி நடத்துவது என்று காட்ட ஒரு வெள்ளை லெப்டினன்ட்டை அனுப்புகிறேன்” என்றதும், “என் பிணத்தின் மேல்தான் அது நடக்கும், ஐயா” என்று பதில் சொன்னார். ராணுவ நீதிமன்றத்துக்கு இழுப்பதாக மிரட்டிய ஜெனரல் கடைசியில் பின்வாங்கினார். இந்தக் காட்சியை அணிவகுப்பில் நிற்கும் உங்கள் கதாநாயகியின் கண்வழியே எழுதுங்கள். ஆடம்ஸின் மனதுக்குள் நுழைய வேண்டாம்.

பர்மிங்காம் வேலை முடிந்த பிறகு பட்டாலியன் போன இடம் பிரான்சின் ரூவான் நகரம். 1945 ஜூலையில் ஜீப் விபத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். இறுதிச்சடங்குக்கு ராணுவத் துறை பணம் தரவில்லை. தோழிகளே வசூல் செய்து அடக்கம் செய்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. இளையோருக்கு இது கனமாக இருக்குமோ என்று தயங்கி விட்டுவிடாதீர்கள், அவர்கள் தாங்குவார்கள்.

2022இல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் அளிக்கச் சட்டம் வந்ததைக் கடைசி அத்தியாயமாக்க வேண்டாம், பின்னுரையில் ஒரு வரி போதும். 1946இல் எந்த வரவேற்பும் இல்லாமல் பட்டாலியன் கலைக்கப்பட்டதோடு கதையை முடிக்கலாம்.