தென்கிழக்கு பார்த்த குடைகள்

கே: எங்கள் மாடியில் இருக்கும் டிஷ் மலேசியக்காரர்களின் செயற்கைக்கோளைப் பார்த்து நிற்கிறது என்கிறார் மெக்கானிக். நிஜமா? (தடா)

இருக்கலாம். தடாவிலிருந்து தென்கிழக்கே, ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில், மலேசியாவின் மீசாட் செயற்கைக்கோள்கள் 91.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே நிற்கின்றன. பக்கத்திலேயே 93.5-இல் நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள். 2010 ஜூலையில் அங்கே இருந்த நம் இன்சாட்-4பி-யில் மின்சக்திக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளை) அணைத்தபோது, அதில் இருந்த சன் டைரக்ட் மீசாட்-3க்குப் போனது. இந்த இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் டிஷ் குடையின் விளிம்பில் ஒரு விரல் அகலம்தான். அதனால் புயல் காற்றுக்குப் பிறகு முதலில் கம்பத்து நட்டைப் பாருங்கள்.

கே: மழை வந்தால் படம் போய்விடுகிறதே? (சத்தியவேடு)

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் எனும் உயர் அதிர்வெண் அலையைக் கனமழை விழுங்கிவிடும். மழை விட்டதும் தானாக வரும். பெட்டியை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

கே: மலேசியா மாதிரி சின்ன நாட்டின் மீசாட் கம்பெனி எப்படி வளர்ந்தது? (கல்லூரி மாணவி, நாகலாபுரம்)

நல்ல கேள்வி அம்மா. வீடு (செயற்கைக்கோள்) கட்டும்போதே குடித்தனக்காரரும் (அதைப் பயன்படுத்தும் தொலைக்காட்சி) தயாராக இருந்தார் என்பதுதான் முதல் காரணம். மீசாட்டின் பின்னால் இருந்தவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த தமிழர் ஆனந்த கிருஷ்ணன். 2024 நவம்பரில் காலமானார். 1996 ஜனவரியில் மீசாட்-1 போனது. அதே ஆண்டில் அவருடைய ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியும் அதன் வழியே தொடங்கியது.

அப்புறம், மனையை, அதாவது வானத்தில் நிற்கும் இடத்தை, மாற்றவில்லை. 2006-இல் மீசாட்-3, 2009-இல் 3ஏ, 2014-இல் 3பி, 2022-இல் 3டி, எல்லாம் அதே 91.5-இல். லட்சக்கணக்கான குடைகள் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போது, இடம் மாறினால் வியாபாரமே போய்விடும். இதில் 3ஏ-வை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறும்: 2008-இல் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் கிரேன் பட்டு அடிபட்டது. சரிசெய்து மறு வருடம் ஜூனில்தான் அனுப்பினார்கள். 2021 ஜூனில் மீசாட்-3 பழுதானபோது அந்த 3ஏ-வும் 3பி-யும் கைகொடுத்தன.

கே: ராக்கெட் போனால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்கிறது. டிஷ் செயற்கைக்கோளை மட்டும் ஏன் வெளிநாட்டிலிருந்து விடுகிறார்கள்? (சூலூர்பேட்டை)

எடை ஒன்றுதான். டாடா ப்ளேவுக்காகப் போன ஜிசாட்-24 4,180 கிலோ. இஸ்ரோவின் பெரிய ராக்கெட் எல்விஎம்-3, டிஷ் செயற்கைக்கோள்கள் போகும் உயரமான பாதைக்கு அப்போது தூக்கக்கூடியது சுமார் 4 டன். அதனால் 2022 ஜூனில் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. அதே ராக்கெட்டில் கூடப் போனது மீசாட்-3டி! கூரூ நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி பக்கம், ஸ்ரீஹரிகோட்டா 13 டிகிரிக்கும் மேல். பூமியின் சுழற்சி அங்கே கூடுதலாக உந்தித் தரும்.

ஜிசாட்-24 முழுவதையும் டாடா ப்ளேவுக்கே வாடகைக்கு விட்டது, 2019-இல் தொடங்கிய நம் அரசு நிறுவனம் என்எஸ்ஐஎல். குடித்தனக்காரரைப் பேசி வைத்துக்கொண்டு வீடு கட்டும் அதே வழி. இங்கேயும் எடை கூடிவருகிறது: 2025 நவம்பரில் சுமார் 4,400 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் எல்விஎம்-3இல் உங்கள் ஜன்னலை அதிரவைத்துத்தான் போனது.