ராஜ்யசபா எதுக்கு?

கேள்வி: நாம ஓட்டு போட்டு அனுப்புற லோக்சபா இருக்கும்போது ராஜ்யசபா எதுக்குங்க, சும்மா ரப்பர் ஸ்டாம்ப் தானே?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அப்படி ஒதுக்கிட முடியாதும்மா. வரி, அரசு செலவு மாதிரி விஷயங்களுக்கான பண மசோதாவுல மட்டும் நீங்க சொல்றது ஓரளவு சரி, ராஜ்யசபா அதை 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பணும், அவங்க சொல்ற திருத்தத்தை லோக்சபா ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. மத்த சாதாரண மசோதான்னா ரெண்டு சபையும் ஒத்துக்கணும், முட்டிக்கிச்சுன்னா கூட்டுக் கூட்டம், அங்க 543 சீட் இருக்கற லோக்சபா கைதான் ஓங்கும், ஆனா இதுவரைக்கும் 3 மசோதாவுக்குத்தான் அந்த மாதிரி கூடியிருக்காங்க, 1961ல வரதட்சணை தடுப்பு, 1978ல வங்கிப் பணி கமிஷன் ரத்து, 2002ல பொடாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழியே கிடையாது, ராஜ்யசபாவுலயும் தனியா மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும்.

அதோட இந்த சபையைக் கலைக்கவும் முடியாது, 2 வருஷத்துக்கு ஒருமுறை மூணுல ஒரு பங்கு பேர் மாறுவாங்க. நம்ம எம்எல்ஏக்கள் தேர்ந்தெடுக்கிற 18 பேர் அங்க மாநிலத்தோட குரலா இருக்கணும், அதனாலதான் வேற மாநிலத்துல ஓட்டு இருக்கறவங்களும் நிக்கலாம்னு 2003ல சட்டத்தை மாத்துனது எனக்கு இன்னைக்கும் உறுத்துது.