கூண்டு நம்பரப் பாக்காதீங்க, காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க: வாடைக்காலத்து கேள்வி பதில்

ஐப்பசி பொறந்ததுலேர்ந்து ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே மூச்சா எழுதிடுறேன். நான் பாம்பன்ல 28 வருஷம் விசைப்படகு ஓட்டுனவன். இப்ப கரையிலதான் இருக்கேன், ஆனா வானிலை மையத்து அறிக்கைய தெனம் படிக்காம சாப்பிட உக்காரமாட்டேன்.

பாம்பன், நாட்டுப்படகு வச்சிருக்க தம்பி: அண்ணே, துறைமுகத்துல 3ஆம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திருக்காங்க, ஆனா காத்து சும்மாதான கெடக்கு. கடலுக்குப் போக டோக்கனும் இல்லங்குறாங்க. எத்தனாவது நம்பர் ஏத்துனா பயப்படணும்?

தம்பி, 1ம் 2ம் தூரத்துக் கடல்ல இருக்கறதுக்கு. 1ன்னா எங்கயோ தாழ்வு மண்டலம் இருக்கு, 2ன்னா அது புயலாயிருச்சு, ரெண்டுலயும் நம்ம துறைமுகத்துக்கு உடனே ஆபத்து இல்ல. 3ம் 4ம் நம்ம வாசலுக்கே சொல்றது. 3ன்னா திடீர்னு பலமா காத்தும் மழையும் அடிக்கும்னு அர்த்தம், அதனால இப்ப காத்து சும்மா கெடக்குன்னு வத்தைப் படக இறக்காத, அந்த காத்து சொல்லிட்டு வராது, பத்து நிமிசத்துல கடல் வேற மாதிரி ஆயிரும்.

இங்க ஒண்ணு முக்கியமா சொல்லணும். நம்பர் ஏற ஏற காத்தோட வேகமும் ஏறும்னு எல்லாரும் நெனைக்கிறோம், அது பாதிதான் உண்மை. 5, 6, 7 மூணும் ஒரே அளவு புயலுக்குத்தான். 5ன்னா புயல் கரையக் கடக்கும்போது நம்ம துறைமுகம் அதுக்கு இடதுகைப் பக்கம் இருக்கும், 6ன்னா வலதுகைப் பக்கம், 7ன்னா நம்ம தலைமேலயோ பக்கத்துலயோ கடக்கும். 8, 9, 10ம் அதே கணக்குதான், ஆனா பெரிய புயலுக்கு. 11ன்னா வானிலை மையத்தோட தொடர்பே அத்துப்போச்சுன்னு அர்த்தம். கிழக்கேருந்து மேக்க வர்ற புயலுக்கு வலதுகைப் பக்கம்தான் காத்து கடலை கரை மேல தள்ளும், அதனால 5அ விட 6 ஏத்துனாத்தான் எனக்கு வயித்தக் கலக்கும். ரேடியோவுல நம்பர மட்டும் சொல்லிட்டு போயிடுறாங்க, இத யாரும் வெளக்குறதில்லங்கிறது எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

மண்டபம் வடகரையில வீடு, ஒரு அக்கா: தம்பி, எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நூறடிதான். எந்தப் புயலுக்கு நாங்க வெளியேறணும், எதுக்கு இருக்கலாம்?

அக்கா, அதிகாரிங்க போகச் சொன்னா போயிருங்க, அதுல ரெண்டு பேச்சே வேணாம். ஆனா முன்கூட்டியே நீங்களா தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க, உங்க இடதுகைப் பக்கம்தான் தாழ்வோட மையம் இருக்கும். நம்ம பக்கம் புயல் எப்பவும் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்துது, அதனாலதான் இந்தக் கணக்கு ஒத்து வருது.

இப்ப புயல் நமக்கு வடக்கால போகுதுன்னு வைங்க, 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கம் கடந்த மாதிரி. அப்ப நமக்கு காத்து வடமேற்குலேருந்து ஆரம்பிச்சு மேக்க வந்து கச்சானா (மேக்குக் காத்தா) மாறி தென்மேற்குக்கு போகும். தென்மேற்குக்கு திரும்புனதும் உங்க வடகரைக்கு அது கரையிலேருந்து கடலுக்குப் போற காத்து, கூரை பறக்கலாம் ஆனா தண்ணி அவ்வளவா ஏறாது. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருக்கறவுகதான் அப்ப சுதாரிக்கணும். அதே புயல் நமக்கு தெக்கால மன்னார் வளைகுடாவுல நுழைஞ்சா வாடை (வடக்குக் காத்து), அப்புறம் கொண்டல் (கிழக்குக் காத்து), அப்புறம் தென்கிழக்குன்னு திரும்பும். வாடை நின்னு அடிக்கிற அந்த நேரந்தான்க்கா உங்களுக்கு ஆபத்து. பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல், பல எடத்துல பத்து மீட்டர் கூட கிடையாது, ஆழமில்லாத கடல்ல காத்து தள்ளுற தண்ணிக்கு கீழ எறங்கிப் போக வழி இல்ல, கரைமேலதான் ஏறும். அலை பெருசா இல்லையேன்னு உக்காந்திராதீங்க, கடல் மட்டமே மொத்தமா ஒசந்து சத்தமில்லாம வாசலுக்கு வந்துரும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்கு நடந்தது அதுதான். பாம்பன் தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலே நூத்துக்கும் மேல ஆளுகளோட போச்சு. எங்க அய்யா அதச் சொல்லும்போதெல்லாம் காத்தப் பத்தி பேசமாட்டாரு, தண்ணியப் பத்தித்தான் பேசுவாரு.

தங்கச்சிமடம், காலேஜ் படிக்கிற தம்பி: கடல் உள்வாங்குச்சுன்னு வாட்ஸப்ல வீடியோ வருது, சுனாமி வருமாண்ணே?

வராது. நம்ம வடகடல்ல (பாக் நீரிணையில) பலமா கரைக்காத்து வீசுற அன்னிக்கு வத்தமும் (கடல் இறக்கமும்) சேந்துக்கிட்டா தண்ணி பல அடி தூரம் பின்னால போயிரும், படகெல்லாம் சேத்துல உக்காந்துரும், காத்து திரும்புனா திரும்ப வந்துரும். மேல அக்காவுக்கு சொன்ன அதே கணக்கு தலைகீழா நடக்குது, அவ்வளவுதான். சுனாமின்னா பெரும்பாலும் கடலடியில நிலநடுக்கம் வந்திருக்கணும், அதுக்கு எச்சரிக்கை தனியா வரும். அந்த வீடியோவ யாருக்கும் அனுப்பாத, வயசானவுங்க பயந்து ஓடி விழுந்து கை கால ஒடிச்சுக்குறாங்க.

கீழக்கரை, கடை வச்சிருக்க பெரியவர்: புரெவி சின்னப் புயல்னாங்க, ஆனா நாள்கணக்கா மழை. 2024ல புயலே இல்லாம ராமேஸ்வரம் முழுகிருச்சு. இது என்ன கணக்குப்பா?

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்), நல்ல கேள்வி. காத்தோட வேகம் வேற, புயல் நகர்ற வேகம் வேற. காத்து மணிக்கு 62 கிலோமீட்டரத் தாண்டுனா புயல்னு பேரு வைக்கிறாங்க, ஆனா மழை எவ்வளவுங்கிறத முடிவு பண்றது அது ஒரே எடத்துல எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறதுதான். புரெவி 2020 டிசம்பர்ல இலங்கையத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, நம்ம ராமநாதபுரத்துக் கரையோரமா வலுவெழந்து நகராம நின்னுருச்சு. வேகமா நகர்ற புயல் ஓடிப்போயிரும், நகராதது உக்காந்து ஊத்தும்.

2024 நவம்பர் 20 இன்னும் மோசம். பேரு வச்ச புயலும் இல்ல, தாழ்வு மண்டலமும் இல்ல, வெறும் காத்து சுழற்சிதான், ஆனா ராமேஸ்வரத்துல 24 மணி நேரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுச்சு. நம்ம ஜில்லாவுக்கு வருசம் பூராவும் சராசரியா 82 சென்டிமீட்டர்தான் மழைன்னு நெனச்சுப் பாருங்க, பாதி வருசத்து மழை ஒரே நாள்ல. தண்ணி ஓடுற வாய்க்கால்ல கட்டடம் கட்டி வச்சிருந்தா அது எங்க போகும் சொல்லுங்க. உங்க கடையில சரக்கு தரையில இருந்தா இப்பவே ரெண்டடி ஒசரத்துல பலகை போட்டு ஏத்தி வைங்க காக்கா, புயல் பேரு வரட்டும்னு காத்திருக்காதீங்க.

தேவிபட்டினத்து பொண்ணு, இப்ப டொரண்டோவுல: மாமா, இங்க ஒரு வாரமா பனி கொட்டி கெடந்துச்சு, திடீர்னு சூடா காத்தடிச்சு மழை பெஞ்சு எல்லாம் உருகி தெருவெல்லாம் தண்ணி, மறுநாள் காலையில அத்தனையும் கண்ணாடி மாதிரி ஐஸ். ரெண்டு தடவ விழுந்துட்டேன். ஏன் இப்படி?

அடடா, அடி பலமா படலையே தாயி? எங்க அக்கா மகனும் அங்கதான் இருக்கான், அவனுக்காக மூணு வருசமா நான் அந்த ஊரு வானிலை மேப்பும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். நான் மேல சொன்ன முதுகக் காட்டுற கணக்கு அங்கயும் அப்படியே செல்லும்மா. தாழ்வு உங்க ஊருக்கு மேக்கால, வடக்கால போச்சுன்னா முதல்ல தெக்குக் காத்து அடிக்கும், அது மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கிட்டு வரும். பனிய உருக்குறது மழைன்னு நெனைப்ப, மழைத்தண்ணியில சூடு கம்மிதான். ஈரக்காத்து பனிமேல பட்டு தண்ணியா மாறும்போது விடுற சூடுதான் பெருசு, ஒரு கிராம் ஈரம் அப்படி தண்ணியானா ஏழு கிராம் பனிய உருக்கிரும். அதான் மழை நின்னபிறகும் காத்துலயே பனி கரையிது.

அப்புறம் தாழ்வு கிழக்க தாண்டுனதும் காத்து சட்டுனு வடமேற்குக்கு திரும்பும், சில மணி நேரத்துலயே பூஜ்யத்துக்கு கீழ போயிரும், உருகுன தண்ணி ஓடி முடியறதுக்குள்ள உறைஞ்சுரும். ரோட்டுல ஈரம் மாதிரி கறுப்பாத் தெரியும், ஆனா ஐஸ். அதனால காத்து தெக்குலேருந்து வடமேற்குக்கு எப்ப திரும்பும்னு போன்ல பாத்து வச்சுக்க, அதுக்கு முன்னாடியே வாசல்ல இருக்குற கூழ் பனியத் தள்ளிவிட்டு, தெருவுல தண்ணி எறங்குற சாக்கடை வாயையும் தொறந்துவிட்டுரு. திரும்புனபிறகு கோடாலி வச்சாத்தான் பேரும். உப்பும் அப்பவே தூவிரு, ஆனா கடுங்குளிர்ல, மைனஸ் பத்துக்கு கீழன்னா, சாதா உப்பு வேலை செய்யாது, மணலத்தான் போடணும். வாலிநோக்கத்து உப்பளத்தப் பாத்து வளந்த புள்ளைக்கு உப்பப் பத்தி நான் சொல்ல வேண்டியிருக்கு பாரு. நடக்கும்போது சின்னச் சின்ன அடியா வச்சு நட, பாக்கெட்டுல கைய விடாத.

திருப்புல்லாணி, மொளகா போட்டிருக்கவர்: தை வரைக்கும் மழை இருக்குமா?

வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும்தான், ஆனா ஜனவரியிலயும் பெஞ்சிருக்கு. செடிக்கால்ல தண்ணி நிக்காம வடிகால் வெட்டி வைங்க, குண்டு மொளகா வறட்சிய தாங்கும், தேங்குன தண்ணிய தாங்காது.

ராமேஸ்வரம், விசைப்படகு ஓனர்: போன தடவ நங்கூரம் அறுந்து படகு தரை தட்டிருச்சு, மூணு லட்சம் செலவு. இந்த வருசம் என்ன பண்றது மச்சான்?

மச்சான், எனக்கும் ஒரு வருசம் அது நடந்திருக்கு, கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் பண்ண முடியல, இன்னும் மறக்கல. வாடை அடிக்கும்போது வடகடல்ல நிறுத்துறதே தப்பு. தாழ்வு மண்டலம்னு மொதல் அறிக்கை வந்த அன்னிக்கே படகுக்குத் தொறந்துவிடுற பாம்பன் ரயில் பாலத்த தாண்டி, தென்கடல்ல குந்துகால் பக்கம் கொண்டு வந்துருங்க, அங்க குருசடைத் தீவு மறைப்பு இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்னு விட்டா வரிசையில பாலத்துக்கு முன்னாடி நிப்பீங்க, காத்து ஏறிருச்சுன்னா தொறக்கவும் மாட்டாங்க. ஆனா புயல் வடக்கால போகும்னு தெரிஞ்சா கச்சான் தென்கடலத்தான் அடிக்கும், அப்ப குந்துகால்லயும் ரெண்டு நங்கூரம் போடுங்க, கயிறு நீளமா விடுங்க, பக்கத்துப் படகோட ஒரசாம எடம் விட்டு நிறுத்துங்க. காத்து அடிக்கும்போது படகுல ஆள வைக்காதீங்க, எவ்வளவு காசுப் படகா இருந்தாலும் சரி.

இந்த மூணு நம்பரையும் வீல் ரூமுக்குள்ள பெயிண்ட்ல எழுதி வைங்க: கோஸ்ட் கார்டு 1554, கடலோர போலீஸ் 1093, கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கண்ட்ரோல் ரூம் 1077. ஸ்டிக்கர் உப்புக்காத்துல உரிஞ்சுரும்.