ஓடையில் மூழ்கிய குச்சியில் மஞ்சள் காளான்: என்ன இனம்?

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பனி உருகி ஓடும் மலை ஓடையில் மூழ்கிக் கிடந்த குச்சியில் தீக்குச்சி போன்ற சிறு காளான்கள் வரிசையாக முளைத்திருந்தன. தலை ஆரஞ்சு கலந்த மஞ்சள். கைபேசிச் செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. இது என்ன?

பதில்: நீங்கள் சொல்லும் விவரங்களைப் பார்த்தால் விப்ரிசியா ட்ரன்கோரம் என்றே தோன்றுகிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்ந்த மலை ஓடைகளில், வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வளரும் பூஞ்சை இது. ஆனால் மஞ்சள் தலையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிடாதீர்கள். செயலி தடுமாறுவதும் அங்கேதான். நிறத்தைப் பார்க்கிறதே தவிர, காளான் எதன்மேல் நிற்கிறது என்பதை அது கேட்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஓடும் நீரில், மரத்தின்மேல் என்றால் விப்ரிசியாவுக்கு வாய்ப்பு அதிகம். தேங்கிய நீரில், மட்கிய இலைகளின்மேல் என்றால் மிட்ருலா என்ற வேறொரு பூஞ்சையாக இருக்கலாம்; அதற்கும் இதே பளிச்சென்ற நிறம் உண்டு.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸால் காம்பைப் பாருங்கள். விப்ரிசியாவின் காம்பு வெளிர் சாம்பல் நிறம். அதில், குறிப்பாகக் கீழ்ப்பகுதியில், கருமையான நுண்ணிய செதில்கள் தெரியும். தலை சற்றே குவிந்த வட்டம், அகலம் பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள். மிட்ருலாவின் தலை நீண்டு உருண்டிருக்கும். காம்பு வெண்மையாக, கண்ணாடித்தன்மையோடு வழவழப்பாக இருக்கும். ஈர மரத்தில் வளரும் குடோனியெல்லா கிளேவஸ் என்ற பூஞ்சையும் குழப்பக்கூடும். ஆனால் அதன் தலை வெளிறியது, சில வேளை ஊதாச் சாயல் கொண்டது.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை. குச்சியை நீரிலிருந்து எடுத்து, ஈரத்தாள் விரித்த டப்பாவில் வைத்து, அறை வெப்பத்தில் சிறிது நேரம் விடுங்கள். முதிர்ந்த விப்ரிசியாவாக இருந்தால் தலையின்மேல் வெண்பட்டு இழைகள் எழும்பி, மூச்சுக்காற்றுப் பட்டாலே அசையும். அவை பூசணம் அல்ல. தலையில் உள்ள நுண்ணிய வித்துப் பைகளிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கும் வித்துகள் (பூஞ்சை இனம்பெருக்கும் நுண்துகள்கள்). வித்து இழைபோல நீண்டிருப்பதால்தான் இந்தக் காட்சி கிடைக்கிறது.

நுண்ணோக்கி கிடைத்தால் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தலையில் கடுகளவு கிள்ளி, ஒரு துளி நீரில் நசுக்கிப் பாருங்கள். விப்ரிசியா ட்ரன்கோரத்தின் வித்துகள் ஏறத்தாழ 125 முதல் 250 மைக்ரோமீட்டர் நீளம். அகலமோ ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவே. மிட்ருலா, குடோனியெல்லா இரண்டின் வித்துகளும் பொதுவாக 20 மைக்ரோமீட்டரைத் தாண்டுவதில்லை. விப்ரிசியா பேரினத்திலேயே காம்பில்லாமல் மரத்தோடு ஒட்டி வளரும் இனங்கள் உண்டு. உங்கள் படத்தில் காம்பு தெளிவாக இருப்பதால் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று போதாது. பக்கவாட்டில் காம்பு தெரியும்படி ஒன்றும், குச்சியும் ஓடையும் சேர்ந்து வரும்படி ஒன்றும் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவருவதானால் அதே ஓடை நீரில், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். காரின் சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் அனுமதியின்றிக் குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. அங்கே படமும் லென்ஸும் மட்டும்தான்.