ஒரு மாத மழையில் வறட்சி தீர்ந்துவிடுமா?

அமெரிக்காவின் டெக்சாஸில் 2010 கடைசியில் தொடங்கிய வறட்சியை 2015 மே மாத மழை தீர்த்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே தீர்த்தது, கீழே இல்லை.

அந்த மாநிலத்தில் அதுவரை எந்த மாதமும் அவ்வளவு மழையைக் கண்டதில்லை. மேய்ச்சல் நிலம் பச்சை பிடித்தது, பல ஏரிகள் நிரம்பின.

சரி, நிலத்தடி நீர்? வடமேற்குச் சமவெளி விவசாயிகளுக்கு ஒகல்லாலா நீர்ப்படுகைதான் கதி. அங்கே மழைநீர் 'பிளாயா' என்ற ஆழமில்லாத குட்டைகளில் தேங்கும். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் முதல் தண்ணீர் மடமடவென்று இறங்கும். அப்புறம் களிமண் ஊறி உப்பி, வெடிப்பைத் தானே அடைத்துவிடும். கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பக்கம் பெரும்பாலான இடங்களில் படுகைக்கு ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட ஊறாது; மோட்டார் இறைப்பதோ அதைவிடப் பல மடங்கு.