லண்டனில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நரி வருகிறது, கைக்குழந்தை இருக்கிறது. டெக்குக்கு (தோட்டத்தில் பலகையால் போட்ட மேடை) அடியில் ஒரு குழியும் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம். ஆனால் தோட்டத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, குழந்தையைக் கீழே தனியாகத் தூங்கவிட்டு மாடிக்குப் போகாதீர்கள். கோடையில் புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நான் லண்டனின் வடமேற்குப் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். கடைசி ட்ரெயினில் இறங்கி வீட்டுக்கு நடந்தால் நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு நரி வரும், நின்று ஒரு நிமிடம் பார்க்கும், அப்புறம் ரோட்டைக் கடந்து யாரோ வீட்டு வேலிக்கு அடியில் நுழைந்து போய்விடும். ஓடாது. ஊரில் நரியை இரவில் ஊளைச் சத்தமாக மட்டுமே அறிந்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிதானம்தான் பெரிய திகைப்பு, நம்மைப் பார்த்துப் பயப்படவில்லையே, அப்படியென்றால் பாயுமோ என்று மனம் போகிறது. பாயாது. அடர்ந்த ரோமமும் வாலும் அதைப் பெரிதாகக் காட்டுகின்றன, எடை என்னவோ 5 முதல் 7 கிலோதான். கையைத் தட்டி ஒரு அதட்டல் போட்டால் போய்விடும்.

குப்பைத் தொட்டியை நம்பித்தான் நகரத்துக்கு வந்தன என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே லண்டன் நாலா பக்கமும் விரிந்தபோது நீளத் தோட்டம் வைத்த வீடுகளாகக் கட்டித் தள்ளினார்கள், 1930களிலிருந்து நரிகள் அவற்றில் குடியேறின. குட்டி போடத் தோட்டத்துச் சாமான் கொட்டகைக்கு அடியில் இடம், ஈரப் புல்தரையில் மண்புழு, எலி, புறா, உதிர்ந்து கிடக்கும் ஆப்பிள், இதற்கு மேல் என்ன வேண்டும். 2011-இல் லண்டனின் வானளாவிய கட்டடமான ஷார்ட் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது 72-ஆவது மாடியில் ஒரு நரியைக் கண்டுபிடித்தார்கள், கட்டடத் தொழிலாளர்கள் விட்டுப்போன சாப்பாட்டை வைத்தே அது அங்கே காலம் தள்ளியிருக்கிறது!

சரி, குழந்தை விஷயம். 2010-இல் கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில் வீட்டுக்குள் நரி புகுந்து தூங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகளைக் கடித்தது உண்மை. அது மிக அரிது என்பதும் உண்மை, நாய்க்கடியோடு ஒப்பிடவே முடியாது. நம் ஆட்களுக்கு முதலில் தோன்றும் வெறிநோய் பயம் இங்கே தேவையில்லை, பிரிட்டனில் நரிகளிடம் அந்த நோய் கிடையாது. நான் கவனிக்கச் சொல்வது நரியின் எச்சத்தை. அதில் நாய்களுக்கு வரும் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கலாம், தவழும் குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைக்கும். புல்லில் விடுவதற்கு முன் பார்த்து, கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். மணல் தொட்டி இருந்தால் மூடி வையுங்கள்.

ஜனவரியில் நடுராத்திரி ஒரு பெண் அலறுவதுபோல் சத்தம் கேட்கும், அதற்கும் பயந்துவிடாதீர்கள். இணை சேரும் காலம் அது.

நாட்டுப்புறத்து நரி வேறு இனமா என்று பலர் கேட்கிறார்கள். அதே செந்நரிதான், மனிதர்கள் நடத்தும் விதம்தான் வேறு. லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் கோழி வளர்க்கிறார், அங்கே வயல் ஓரத்தில் நரியைப் பார்த்தால் தூரத்தில் நம் தலை தெரிந்ததுமே அது காணாமல் போய்விடும். 2005-இல் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவது சட்டப்படி நின்றது, ஆனால் துப்பாக்கியால் சுடலாம், இன்றும் சுடுகிறார்கள். அவர் கோபத்தையும் என்னால் குறை சொல்ல முடியாது, ஒரே இரவில் கூண்டிலிருந்த கோழிகள் எல்லாம் செத்துக் கிடந்திருக்கின்றன, ஒன்றைத்தான் தூக்கிப் போயிருக்கிறது. வெறியில் செய்வதல்ல அது. கிடைக்கும்போது கொன்று புதைத்து வைத்துப் பிறகு வந்து தின்பது நரியின் இயல்பு, கூண்டில் கோழிகள் தப்பி ஓட வழியில்லாததால் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன.

உங்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், கையால் சாப்பாடு கொடுக்காதீர்கள். உங்கள் கையில் தின்று பழகிய நரி பக்கத்து வீட்டுக்காரர் காலடியிலும் போய் நிற்கும், அவர் பயந்து ஆளைக் கூப்பிட்டுச் சுடச் சொல்வார். ரோமம் உதிர்ந்து சொறிபிடித்த நரியைப் பார்த்து மனம் கேட்காமல் சோறு வைப்பவர்களைப் புரிந்துகொள்கிறேன், எனக்கும் மனம் கேட்காது. 1994-இல் பிரிஸ்டல் நகரத்தில் பரவிய சொறிநோயில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட நரிகள் செத்தன, அவ்வளவு கொடிய நோய் அது. அப்படி ஒன்றைப் பார்த்தால் வனவிலங்கு மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். கோடையின் தொடக்கத்தில் எல்லா நரிக்கும் குளிர்கால ரோமம் உதிரும், அது நோய் இல்லை.

உங்கள் டெக்குக்கு அடியில் குழி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் வாக்கில் குட்டி போட்டிருந்தால் ஏப்ரல் கடைசியில் குட்டிகள் வெளியே வரும். தனியாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். வாசலில் செருப்பை விடாதீர்கள், கடித்து விளையாடத் தூக்கிப் போய்விடும். குட்டிகள் உள்ளே இருக்கும்போது குழியை அடைத்தால் அவை பட்டினியில் செத்துப்போகும், அதனால் இலையுதிர் காலம் வரை பொறுங்கள். அப்புறம் குழி வாயில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாகச் செருகி வையுங்கள், சில நாள் கழித்தும் அது அப்படியே இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம், கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு அடி புதைத்து அடைத்துவிடலாம்.